மென்பொருள் இலவசம், பழக்கம் இலவசம் இல்லை

(ஓசூரில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)



சூளகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி, பர்கூர்னு மாவட்டத்தோட எல்லா மூலையில இருந்தும் வந்திருக்கீங்க. ஷிப்ட் முடிச்சு தூங்காம வந்தவங்களும் இருக்கீங்கன்னு தெரியும். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ அரசு கொடுத்த லேப்டாப் ஒண்ணு பரண்ல கிடக்கா? கிடக்கும். 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின திட்டம் அது. ஆரம்பத்துல கொடுத்த லேப்டாப்கள்ல ரெண்டு இயங்குதளம் இருந்தது. ஆன் பண்ணினா விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு கேட்கும். எத்தனை பேர் அந்த ரெண்டாவது பக்கம் போனோம்? ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேர். அந்த ரெண்டாவது பக்கத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். அதாவது கட்டற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள். அரசாங்கத்துக்கும் நம்ம மாதிரி தன்னார்வமா வேலை செய்றவங்களுக்கும் அது ஏன் முக்கியம்னு.

இதை இப்போ பேசக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0 சிப் வேணும், புது தலைமுறை பிராசஸர் வேணும். பழைய கம்ப்யூட்டர்கள்ல முறைப்படி அது ஏறாது. படிப்பகத்துல, ஊர் நூலகத்துல, ரத்ததானக் குழு ஆபீஸ்ல, சின்ன டிரஸ்ட்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் எந்த வருஷத்து மாடல்னு யோசிச்சுப் பாருங்க. ஹார்டுவேர் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கேயோ ஒரு கம்பெனி எடுத்த முடிவால அது குப்பைக்குப் போகணும்ங்கிறாங்க.

டிராயிங் யார் கையில?

திறந்த மூலம்னா என்னன்னு ஓசூர்க்காரங்களுக்குப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். சிப்காட்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் டிராயிங்னா என்னன்னு தெரியும்.

ஒரு மெஷின் வாங்குறீங்க. அதுல ஒரு பாகம் உடைஞ்சு போச்சு. டிராயிங் உங்க கையில இருந்தா சிப்காட்ல எந்த லேத் பட்டறைக்கும் போகலாம். நாலு பேர்கிட்ட ரேட் கேட்கலாம். சைஸ் சரியில்லைன்னா மாத்திக்கலாம். டிராயிங் கையில இல்லைன்னா? வித்தவன் சொல்ற விலை, வித்தவன் சொல்ற தேதி. அவன் கடையை மூடிட்டா மெஷினே பழைய இரும்பு.

மென்பொருளுக்கு அந்த டிராயிங்தான் சோர்ஸ் கோடு. அதைப் பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாத்தலாம், மத்தவங்களுக்கும் கொடுக்கலாம்னு லைசென்ஸ்லயே உரிமை எழுதிக் கொடுத்திருந்தா அது கட்டற்ற மென்பொருள். 1983-ல அமெரிக்காவுல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சார். 1991-ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு 21 வயசு மாணவர் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற ஆண்ட்ராய்டு போன் அந்த லினக்ஸ் மேலதான் ஓடுது. அதனால "லினக்ஸ் நமக்குப் பழக்கமில்லை"ன்னு சொல்றவங்ககூட தினமும் பல மணி நேரம் அதைத்தான் தடவிக்கிட்டு இருக்காங்க.

காசு மூணாவது காரணம்தான்

திறந்த மூலம்னாலே "ஓசி சாஃப்ட்வேர்"னு ஒரு நினைப்பு இருக்கு. அரசாங்கத்தைப் பொறுத்தவரை காசு மூணாவது காரணம்தான்.

முதல் காரணம் பிடி. பட்டா, பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி, ரேஷன் எல்லாமே இன்னைக்கு மென்பொருள் வழியாத்தான் நடக்குது. அந்த மென்பொருளோட டிராயிங் ஒரு தனியார்கிட்ட மட்டும் இருந்தா, அடுத்த டெண்டர்ல வேற யாரும் போட்டி போடவே முடியாது. தமிழ்நாட்டுல டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லயே வந்தாச்சு. ஆனா கோடு மூடியிருந்தா டெண்டர் திறந்திருந்தும் என்ன பிரயோஜனம்? பேருக்குத்தான் போட்டி.

ரெண்டாவது காரணம் மொழி. அரசு அலுவலகத்துல பழைய ஃபைல் ஒண்ணை வாங்கி உங்க கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்திருக்கீங்களா? வானவில்லோ பாமினியோ வேற ஏதோ ஒரு பழைய எழுத்துருவுல அடிச்சிருப்பாங்க. அந்த எழுத்துரு உங்ககிட்ட இல்லைன்னா திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து ஏதோ வரும். தேட முடியாது, காப்பி பண்ண முடியாது. நம்ம மொழியில நம்ம அரசு எழுதின ஆவணத்தை நாமளே படிக்க முடியல. 2010-ல யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழுக்கான அரசுத் தரமா அறிவிச்சாங்க. திறந்த தரம்னா என்ன, மூடின தரம்னா என்னன்னு வேற எந்த மாநிலத்தைவிடவும் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவங்க நாம.

நம்ம ஓசூர்ல ஒரு தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேட்கும். மூடின மென்பொருள்ல ஒரு மொழி வேணும்னா அந்தக் கம்பெனிக்கு லாபக் கணக்கு சரியா வரணும். கட்டற்ற மென்பொருள்ல நாலு பேர் உட்கார்ந்து மொழிபெயர்த்தாப் போதும். லிப்ரே ஆபீஸும் பயர்ஃபாக்ஸும் தமிழ்ல கிடைக்குதுன்னா அது தன்னார்வலர்கள் இரவு உட்கார்ந்து செஞ்ச வேலை.

நாம செஞ்சு பார்த்தோம். ஏன் நிக்கல?

இனிமேதான் கசப்பான பகுதி. கைதட்டல் வாங்குறதுக்காக இதை விட்டுட்டுப் போகக் கூடாது.

தமிழ்நாடு இதுல பின்தங்கி ஆரம்பிக்கல. எல்காட் நிறுவனத்துல உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, 2007 வாக்குல, எல்காட் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாத்தினாங்க. பள்ளிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் போச்சு. அதே 2007-ல சிடாக் நிறுவனத்தோட பாஸ் லினக்ஸ் வந்தது. டெபியனை அடிப்படையா வச்சு, இந்திய மொழிகளுக்காக உருவாக்கினது. சிடாக்கோட சென்னை மையம்தான் அதைச் செஞ்சது. நம்ம சென்னையில! 2014-ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்னப்போ, பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொல்லி அரசுத் துறைகளுக்குச் சுற்றறிக்கையும் போச்சு.

சரி, இன்னைக்கு ஒரு தாலுகா ஆபீஸ் போய்ப் பாருங்க. எத்தனை திரையில லினக்ஸ் தெரியுது?

பக்கத்துல கேரளாவைப் பாருங்க. 2001-ல ஐடி@ஸ்கூல் திட்டம் ஆரம்பிச்சாங்க. படிப்படியா அரசுப் பள்ளிகள்ல கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனாங்க. 2017-ல அது கைட்ங்கிற அரசு நிறுவனமாச்சு. அவங்க பள்ளிக்குன்னே சொந்தமா ஒரு லினக்ஸ் பதிப்பு வெளியிடுறாங்க. 2 லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர்கள்ல அதைப் பயன்படுத்தறதால 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு 2019-ல கைட் தரப்பு கணக்குச் சொன்னாங்க.

ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே லினக்ஸ்தான். அப்புறம் என்ன வித்தியாசம்? அவங்க சிடி கொடுத்ததோட நிறுத்தல. முதல்ல ஆசிரியர்களைப் பழக்கினாங்க. பாடப்புத்தகத்தை அந்த மென்பொருளை வச்சே எழுதினாங்க. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையும் அதுலயே வச்சாங்க. ஆசிரியருக்குத் தெரியும், புத்தகத்துல இருக்கு, பரீட்சையில வருது. அப்புறம் எந்தப் பையன் அதை அழிச்சிட்டு வேற போடுவான்?

நம்ம பக்கம் லேப்டாப் கையில வந்த அன்னைக்கே பக்கத்துக் கடைக்குப் போய் "இதை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுங்கண்ணே"ன்னு கேட்டவங்க நிறைய. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. பாஸ் லினக்ஸை யார் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? சந்தேகம் வந்தா யாரைக் கேட்கிறது?

அதனாலதான் சொல்றேன்: மென்பொருள் இலவசம், பழக்கம் இலவசம் இல்லை. பழக்கத்துக்கு ஆள் வேணும், நேரம் வேணும், சம்பளம் வேணும். அந்தச் செலவை ஒதுக்காம மென்பொருளை மட்டும் இறக்கினா அது பரணுக்குத்தான் போகும்.

ஜெர்மனியில மியூனிக் நகராட்சி 2013-க்குள்ள சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாத்தினாங்க. அடுத்த வருஷம் மேயர் மாறினார். 2017-ல திரும்பவும் விண்டோஸுக்கே போக மன்றம் முடிவெடுத்தது. ஆனா அதே ஜெர்மனியில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாத்த முடிவு பண்ணிச்சு. ஆக இது தொழில்நுட்பப் பிரச்சினை மட்டும் இல்ல, அரசியல் உறுதியோட பிரச்சினை. ஒரு அதிகாரி மாறினா, ஒரு மேயர் மாறினா நின்னுடும்ங்கிற நிலைமையில எதுவும் வேர் பிடிக்காது. கீழே இருந்து கேட்கிற ஆள் இருக்கணும். அந்த ஆள் நாமதான்.

தன்னார்வலர்கள் செஞ்ச பெரிய வேலைகள்

"நம்மளால என்ன ஆகும், நாம என்ன கூகுளா"ன்னு யாராவது நினைச்சா, இதைக் கேளுங்க.

2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம் அழுத அதே நாள் இலங்கையும் அழுதுச்சு. காணாமப் போனவங்க யாரு, எந்த முகாம்ல யார் இருக்காங்க, எங்கே என்ன நிவாரணம் போச்சுன்னு கணக்கு வைக்க மென்பொருள் இல்ல. இலங்கையில தன்னார்வ நிரலாளர்கள் சேர்ந்து அப்பவே எழுதினாங்க. பேரு சஹானா. சிங்களத்துல நிவாரணம்னு அர்த்தம். கோடைத் திறந்தே வச்சதால 2010 ஹைட்டி நிலநடுக்கம் வரைக்கும் வேற வேற நாடுகளுக்கு அது உதவிச்சு.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல எந்த ரோடு மூழ்கியிருக்குன்னு மக்களே குறிச்சுக் காட்டின வரைபடம், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ங்கிற திறந்த வரைபடத்து மேல வந்தது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துல கேரளா ரெஸ்க்யூ தளத்தோட கோடைப் பொதுவுல வச்சாங்க. எங்கேயோ உட்கார்ந்திருந்த நிரலாளர்கள் எல்லாம் அதுல கை கொடுத்தாங்க.

நியூசிலாந்துல ஹோரோவெனுவான்னு ஒரு சின்ன ஊர் நூலகம். 2000-ம் வருஷம் பிறக்கும்போது அவங்க பழைய மென்பொருள் நின்னுபோகும்ங்கிற பயம். புதுசா ஒண்ணு எழுத வச்சு, அதை உலகத்துக்கே கொடுத்துட்டாங்க. பேரு கோஹா. மாவோரி மொழியில அன்பளிப்புன்னு பொருள். இன்னைக்கு இந்தியாவுல ஏராளமான கல்லூரி நூலகங்கள்ல கோஹாதான் ஓடுது.

பார்வையற்றவங்க கம்ப்யூட்டர் பயன்படுத்த திரையைப் படிச்சுக் காட்டுற மென்பொருள் வேணும். விலை கொடுத்து வாங்குறது நம்ம ஊர் மாணவர்களுக்கு எட்டாத தூரம். 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்ங்கிற பார்வையற்ற இளைஞர் அதைத் தானே எழுத ஆரம்பிச்சார். அதுதான் என்விடிஏ. தமிழையும் அது படிக்கும். காசு கிடையாது.

நம்ம தமிழ்லயும் ஆள் இருக்காங்க. 2012-ல இருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழ்ல சொல்லிக் கொடுத்துட்டு இருக்கு. விழுப்புரத்துல ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்குது. விழுப்புரத்துல முடியும்னா, இத்தனை பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டத்துல முடியாதா?

வழக்கமா வர்ற மூணு கேள்வி

"கோடு திறந்திருந்தா திருடன் புகுந்துடுவானே?" பூட்டோட வடிவமைப்பு எல்லாருக்கும் தெரியலாம், சாவி உங்ககிட்ட மட்டும்தான். ஆனா திறந்திருந்தாலே பாதுகாப்புன்னும் நினைக்காதீங்க. 2014-ல ஓப்பன் எஸ்எஸ்எல்-ல ஹார்ட்பிளீட்னு ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிஞ்சது. உலகத்து இணையதளங்கள்ல பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் பராமரிச்சிட்டு இருந்தாங்க. வருஷத்துக்கு அவங்களுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பொதுக்கிணத்துல எல்லாரும் தண்ணி எடுத்து, யாருமே தூர் வாராம விட்ட கதை அது.

"ஜோஹோ நம்ம தமிழ்நாட்டு நிறுவனம்தானே, அது போதாதா?" தென்காசி வரைக்கும் வேலையைக் கொண்டுபோனது பெருமைதான். ஆனா உள்ளூர்க்காரங்க செஞ்சது வேற, திறந்த மூலம் வேற. ஜோஹோவோட ஆபீஸ் மென்பொருள் திறந்த மூலம் கிடையாது. வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா டிராயிங் நம்ம கைக்கு வந்துடுச்சுன்னு நினைச்சுக்கக் கூடாது.

"எல்லாத்தையும் லினக்ஸ்ல பண்ணிட முடியுமா?" முடியாது, உண்மையைச் சொல்லிடணும். சில கணக்கு மென்பொருள், சில கைரேகைக் கருவி, சில பிரிண்டர் இன்னும் விண்டோஸைத்தான் எதிர்பார்க்குது. அந்தக் கடைக்காரர்கிட்ட போய் நாளைக்கே மாறுன்னு சொன்னா, அவர் நம்மையே மாத்திடுவார். எங்கே முடியுமோ அங்கே ஆரம்பிக்கணும்.

நாம செய்ய வேண்டியது

மத்திய அரசு 2015-லயே திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டாச்சு. நம்ம எல்லையைத் தாண்டினா எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே இருக்கிற ஐஐஐடி பெங்களூருல 2018-ல ஆரம்பிச்ச மோசிப்ங்கிற திறந்த மூல அடையாளத் தளத்தை பிலிப்பைன்ஸும் மொராக்கோவும் எடுத்துக்கிட்டாங்க. ஓசூர் ரோட்ல செஞ்சது உலகத்துக்குப் போகுது. ஓசூருக்குள்ள வர வேண்டாமா?

அதனால நாலு வேலை.

ஒண்ணு, நம்ம வீட்டைச் சரிபண்ணுவோம். ஊழலுக்கு எதிரா போஸ்டர் போடுறோம். அந்தப் போஸ்டரைத் திருட்டு காப்பி சாஃப்ட்வேர்ல டிசைன் பண்றது எல்லாக் கட்சியிலும் நடக்குது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், வீடியோவுக்கு கேடன்லைவ் இருக்கு. முதல் பத்து நாள் கை தடுமாறும். அப்புறம் பழகிடும். கிராக் ஃபைலோட வர்ற வைரஸும் மிச்சம்.

ரெண்டு, ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ஒரு படிப்பகம், ஒரு பழைய கம்ப்யூட்டர். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணைப் போட்டுட்டுப் போட்டோ எடுத்துப் போயிடாதீங்க. ஞாயிறு ஒரு மணி நேரம் அங்கே உட்காருங்க. பசங்க சந்தேகம் கேட்கட்டும். தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடப்புத்தகத்துல உபுண்டு இருக்கு, ஓப்பன் ஆபீஸ் இருக்கு, பைத்தான் இருக்கு. மார்க்குக்கே உதவும்னு பெற்றோர்கிட்ட சொல்லுங்க.

மூணு, உள்ளாட்சியில இருக்கிற நம்ம உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநகராட்சியோ பேரூராட்சியோ மென்பொருள் வாங்கும்போது, எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும், மூணே மூணு கேள்வி கேளுங்க. சோர்ஸ் கோடு யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தம் முடிஞ்சா நம்ம மக்களோட டேட்டா எந்த வடிவத்துல நம்ம கைக்குத் திரும்பி வரும்? அடுத்த அஞ்சு வருஷம் பராமரிப்புக்கும் ஊழியர் பயிற்சிக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்துல பதிவாகட்டும். பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு.

நாலு, நிரல் எழுதத் தெரிஞ்ச தோழர்கள் மாசத்துல ஒரு நாள் ஏதாவது ஒரு கட்டற்ற திட்டத்துக்கு வேலை செய்யுங்க. நிரல் தெரியாதவங்க மொழிபெயர்ப்பு பண்ணுங்க, பிழை கண்டா சொல்லுங்க, நம்ம ஊர்த் தெருவையும் ஏரியையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல குறிங்க. கிணத்துல தண்ணி எடுக்கிறவங்க தூரும் வாரணும்ல?

ஓட்டுக் கேட்டுப் போகும்போது ரோடு, தண்ணி, பஸ் பத்திப் பேசுறோம். இனிமே மக்களோட பட்டாவும் ரேஷனும் மருத்துவச் சீட்டும் ஓடுற பாதையும் ரோடு மாதிரிதான். அந்த ரோட்டுக்கு யாரோ ஒருத்தர் கேட் போட்டுச் சாவியை எடுத்துட்டுப் போக நாம விடக் கூடாது.

பரண்ல இருக்கிற அந்த லேப்டாப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்க. பென்டிரைவ் இல்லாதவங்க ஒன்றியப் பொறுப்பாளரைக் கேளுங்க. போட்டு முடிச்சதும் என்ன சிக்கல் வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லுவோம்.



#கட்டற்றமென்பொருள் #ஓசூர் #கிருஷ்ணகிரி